ஒட்டுப்போர்வைக்கு எந்த நூல் கட்டுப்படியாகும்?

தையல் கேள்வி – பதில்

குளிர்காலம் வருகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குயில்ட் (ஒட்டுப்போர்வை) பற்றியவை, அவற்றிலும் பெரும்பாலானவை நூல் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 80 இஞ்ச் குயில்ட் தைக்கப் போகிறேன். எல்லாமே 4 இஞ்ச் சதுரங்கள். கடையில் 100 மீட்டர் நூல்கண்டும் இருக்கிறது, 5,000 மீட்டர் கோனும் (கூம்பில் சுற்றிய நூல்) இருக்கிறது. எதை வாங்கினால் லாபம்? மொத்தம் எவ்வளவு நூல் செலவாகும்?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: முதலில் நீளத்தைக் கணக்குப் போடுவோம். 4 இஞ்ச் சதுரம் என்றால், சுற்றிலும் தையலுக்குக் கால் இஞ்ச் விட்டு, வெட்டுவது நாலரை இஞ்ச். அகலத்துக்கு 15, நீளத்துக்கு 20, ஆக 300 துண்டுகள். ஒரு வரிசையில் 14 இணைப்பு. 20 வரிசைக்கு 280 இணைப்பு. ஒவ்வொன்றும் நாலரை இஞ்ச் என்பதால் 32 மீட்டர் தையல். பிறகு வரிசையோடு வரிசை சேர்க்க 19 நீளத் தையல்கள், ஒவ்வொன்றும் அறுபதரை இஞ்ச். அது 29 மீட்டர். கூட்டினால் 61 மீட்டர்.

சாதாரண மிஷின் தையலில் மேல்நூல், அடிநூல் இரண்டும் சேர்ந்து தையல் நீளத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு நூல் இழுக்கும். மெல்லிய காட்டன் இரண்டு மடிப்புக்கு இரண்டே முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 170 மீட்டர். அவ்வளவுதான்.

ஆனால் இதற்குள் வராத ஒரு செலவு இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் தைத்து, வெளியே இழுத்து, நூலை வெட்டி, அடுத்ததை வைக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் மேலும் கீழும் பத்துப் பத்து சென்டிமீட்டரை வீணாக்குகிறார்கள். 280 தடவைக்கு அது 56 மீட்டர், அதாவது தையலுக்கே ஆன நூலில் மூன்றில் ஒரு பங்கு. துண்டுகளைச் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக, வெட்டாமல், இடையில் இரண்டு மூன்று வெறும் தையல் மட்டும் விட்டுத் தைத்துக்கொண்டே போனால் இந்தச் செலவு பத்து மீட்டருக்குள் அடங்கும். கடைசியில் உட்கார்ந்து கத்தரித்துக்கொள்ளலாம். துண்டு சிறிதாகச் சிறிதாக இதன் கனம் கூடும். அதே போர்வையை 2 இஞ்ச் சதுரத்தில் தைத்தால் தையல் நீளம் 134 மீட்டராகும், நூல் 370 மீட்டர் போகும். தனித்தனியாக வெட்டுகிறவருக்கு வீண் மட்டுமே 230 மீட்டர்.

இனி விலை. கடைக்குக் கடை மாறும் என்பதால் கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் கண்டு 20 ராண்ட் என்றால் மீட்டருக்கு 20 சென்ட். 5,000 மீட்டர் கோன் 75 ராண்ட் என்றால் மீட்டருக்கு ஒன்றரை சென்ட். வீணாவதும் சேர்த்து ஒரு போர்வைக்கு 200 மீட்டர் என்று வைத்தால், முதலாவது 40 ராண்ட், இரண்டாவது 3 ராண்ட். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் கோன் முழுவதையும் தீர்க்க இப்படி 25 போர்வை தைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தைக்கிறவர்களுக்கு 500 அல்லது 1,000 மீட்டர் சுருளே நியாயமான கொள்முதல். 1,000 மீட்டரில் துண்டு இணைப்பதும், உள்பஞ்சு வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதும், ஓரம் கட்டுவதும் முடிந்து மீதியும் இருக்கும். அதே மிஷினில் பஞ்சாபி உடை, ரவிக்கை, பள்ளிச் சீருடை என்று தினமும் தைக்கிறவர்கள் தயங்காமல் கோன் வாங்கலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். லேபிளில் மீட்டரா, கஜமா? 5,000 கஜம் என்பது 4,572 மீட்டர்தான். தொழிற்சாலைகளுக்கு விற்கும் மொத்தக் கடைகளில் சொல்லும் விலையில் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நூல் லேபிளில் ஒன்றில் 120, இன்னொன்றில் 50, வேறொன்றில் 40/2, இன்னொன்றில் டெக்ஸ் 27 என்று போட்டிருக்கிறது. எது மெல்லியது?
— வாசகி, பீனிக்ஸ்

பதில்: நான்கும் நான்கு வெவ்வேறு அளவைகள், அதனால்தான் குழப்பம். டெக்ஸை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். 1,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெக்ஸ். எண் கூடினால் நூல் தடிக்கும். மற்ற மூன்றிலும் தலைகீழ், எண் கூடினால் நூல் மெலியும்.

120 என்பது டிக்கெட் எண். பாலியெஸ்டரில் 3,000ஐ டிக்கெட் எண்ணால் வகுத்தால் டெக்ஸ் ஏறக்குறைய கிடைக்கும். 120க்கு 25 வருகிறது, கடையில் டெக்ஸ் 24 முதல் 27 வரை இந்த எண்ணில் விற்கிறார்கள். டிக்கெட் 75 என்றால் டெக்ஸ் 40, ஜீன்ஸுக்குச் சரி, குயில்ட் துண்டு இணைக்கத் தடி. டிக்கெட் 180 என்றால் டெக்ஸ் 16 முதல் 18. 40/2 என்பது நாற்பதாம் நம்பர் இழையை இரண்டு புரியாக முறுக்கியது, டெக்ஸ் 30க்கு அருகில்.

தனியாக நிற்கும் 50தான் ஆளை ஏமாற்றும். 50/3 காட்டன் டெக்ஸ் 35, 50/2 காட்டன் டெக்ஸ் 24. 50 வெயிட் என்பதைக் கண்டிப்பான கணக்கில் எடுத்தால் டெக்ஸ் 20. மூன்றின் மேலும் பெரிய எழுத்தில் 50 என்றே இருக்கும். எத்தனை புரி என்று பார்க்காமல் வாங்காதீர்கள். துண்டு இணைக்க டெக்ஸ் 20 முதல் 27 வரை நல்லது. 30 வரை சமாளிக்கலாம். 35க்கு மேல் வேண்டாம்.

டெக்ஸ் தெரிந்தால் இன்னொரு லாபம், கோனை எடைபோட்டுப் பார்க்கலாம். டெக்ஸ் 27இல் 5,000 மீட்டர் என்றால் நூல் மட்டும் 135 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் கோனை வைத்து, அதே வகை வெறுங்கூட்டின் எடையைக் கழித்துப் பாருங்கள். 90 கிராம்தான் வருகிறது என்றால், நூல் லேபிளில் போட்டதைவிட மெல்லியதாக இருக்க வேண்டும் அல்லது நீளம் குறைந்திருக்க வேண்டும். பெயரில்லாத மலிவுக் கோன்களில் இந்தச் சோதனையைச் செய்யாமல் விலை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கேள்வி: பாலியெஸ்டர் நூல் நாளடைவில் காட்டன் துணியை அறுத்துவிடும், அதனால் விலை கூடினாலும் காட்டன் நூல்தான் போட வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: டெக்ஸ் 27 அளவிலுள்ள ஸ்பன் பாலியெஸ்டருக்கு இந்தப் பயம் தேவையில்லை. ஸ்பன் என்றால் சிறுசிறு இழைகளைச் சேர்த்து நூற்றது. தொட்டால் பஞ்சு நூல் மாதிரியே இருக்கும், கூர்மையான விளிம்பு எதுவும் இல்லை.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சரியான விதி இருக்கிறது. இழுபடும்போது முதலில் அறுவது நூலாக இருக்க வேண்டும், துணியாக இருக்கக் கூடாது. நூல் அறுந்தால் மறுபடி தைத்துவிடலாம், துணி கிழிந்தால் அந்தத் துண்டே போச்சு. ஆகவே நைந்த பழைய சேலைத் துணியைத் தடித்த பலமான நூலால் நெருக்கமாகத் தைத்தால் கிழியத்தான் செய்யும். அங்கே குற்றவாளி தடிமனும் நெருக்கமும் மழுங்கிய ஊசியும். தையல் நீளத்தை 2 முதல் 2.2 மில்லிமீட்டரில் வையுங்கள். 1.5க்குக் கீழே இறக்கினால் துணியில் ஊசி ஓட்டைகள் வரிசையாக விழுந்து, தபால்தலைத் தாளைப் போல அந்தக் கோட்டிலேயே பிரியும். பிரிக்க வேண்டி வந்தாலும் தலைவலி.

இஸ்திரியைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். மூன்று புள்ளிச் சூட்டில் இஸ்திரிப் பெட்டி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ், பாலியெஸ்டர் உருகுவது 250க்கு மேல். பயமில்லை. கண்ணாடி போன்ற நைலான் நூலைத் துண்டு இணைக்கப் போடாதீர்கள். அது முன்கூட்டியே இளகிவிடும், அதன் வெட்டுமுனையும் உறுத்தும்.

காட்டன் நூலுக்கு ஒரு மேன்மை உண்டு. இஸ்திரி போட்டால் மடிப்பு படிந்து தட்டையாக நிற்கும். பாலியெஸ்டர் கொஞ்சம் எழும்பும். நுணுக்கமான சிறு துண்டு வேலைக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அப்போது காட்டனுக்குக் காசு கொடுப்பது வீண் அல்ல. வாரம் ஒருமுறை வாஷிங் மிஷினில் போகிற பிள்ளைகளின் போர்வைக்கு பாலியெஸ்டரே போதும், அதுவே அதிகம் உழைக்கும். டர்பன் நகரத்து ஈரக்காற்றில் சரியாகக் காயாமல் மடித்து வைத்தால் காட்டன் நூலில் பூஞ்சை பிடிக்கும், பாலியெஸ்டர் இழையைப் பூஞ்சை தின்னாது.

கேள்வி: மேலே காட்டன், பாபினில் (அடிநூல் உருளையில்) பாலியெஸ்டர் போடலாமா?
— வாசகர், ஸ்டேங்கர்

பதில்: போடலாம். இரண்டின் தடிமனும் ஒன்றாக இருக்கட்டும். மாற்றிய பிறகு டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துணி ஃபேக்டரியில் மிச்சமான கோன்களை மலிவாக வாங்கினேன். வீட்டு மிஷினில் போட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. சில சமயம் அடியில் கூடு கட்டிக்கொள்கிறது. கோன் நூல் வீட்டு மிஷினுக்கு ஒத்துவராதா?
— வாசகி, மெர்பேங்க்

பதில்: ஒத்துவரும். பெரும்பாலும் தவறு நூலில் இல்லை, கோன் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். வீட்டு மிஷினின் நூல்கம்பி சின்னக் கண்டுக்கானது. அதில் கோனைக் குத்தி வைத்தால், நூல் வரும்போதெல்லாம் கோன் முழுவதும் சுற்ற வேண்டும். கனம் இழுக்கும், டென்ஷன் ஏறும், நூல் அறும்.

கோன் சுற்றவே கூடாது. நூல் அதன் தலைக்கு நேர் மேலே எழும்பிப் போக வேண்டும். மிஷினுக்குப் பின்னால் வலப்பக்கம் கோனை நிறுத்துங்கள். அதன் உச்சிக்கு நேராக, கோன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு கொக்கி வேண்டும். கடையில் கோன் ஸ்டாண்ட் கிடைக்கும். செலவு வேண்டாம் என்றால், கோனைக் கனமான அகலக் குவளைக்குள் நிறுத்தி, துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்துச் சுவரிலோ மேசையிலோ கட்டிக்கொள்ளுங்கள், அதுவும் அதே வேலையைச் செய்யும். கொக்கி சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் நூல் கோனில் உரசி, தையலில் ஒரு இறுக்கம் ஒரு தளர்வு என்று மாறி மாறி விழும். கோனின் அடியில் ஒரு துண்டு ஃபெல்ட் அல்லது ஸ்பஞ்ச் வையுங்கள். வழுக்கி விழும் நூல் அடியில் சிக்கி அறுவது அதனால் நிற்கும்.

இதைச் செய்த பிறகும் அறுந்தால், அறுந்த முனையைப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும். முனை பஞ்சுபோல் பிய்ந்திருந்தால் ஊசியில் குறை. கண் சிறிது, அல்லது கண்ணின் ஓரம் கரடு. டெக்ஸ் 24 முதல் 30 வரைக்கு 80/12 ஊசி, டெக்ஸ் 20க்கு 70/10 அல்லது 75/11. முனை வெட்டினாற்போல் இருந்தால் நூல் எங்கோ மாட்டுகிறது, அல்லது டென்ஷன் அதிகம். நாலில் இருந்தால் மூன்றுக்கு இறக்கிப் பாருங்கள். அறுந்த இடத்தில் தடித்த முடிச்சு மாதிரி இருந்தால் நூலே மோசம். அதைத் தற்காலிகத் தையலுக்கு ஒதுக்குங்கள்.

அடியில் கூடு கட்டுவது கிட்டத்தட்ட எப்போதும் மேல்நூல் கோளாறு. மிஷினில் துணியை அழுத்தும் கால் கீழே இறங்கியிருக்கும்போது நூல் கோர்த்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போய் உட்காராது. காலைத் தூக்கி, முதலிலிருந்து மறுபடி கோருங்கள்.

பாபின் சுற்றும்போது மிதியை அழுத்தி வேகமாகச் சுற்றாதீர்கள். பாலியெஸ்டர் இழுபட்டுச் சுற்றிக்கொள்ளும், தைத்த பிறகு தன் நீளத்துக்குத் திரும்பும். அப்போது தையல் சுருங்கும். தைத்த உடன் நேராக இருந்து, இரண்டு மணி நேரத்தில் சுருங்கினால் காரணம் இதுதான்.

ஃபேக்டரி மிச்சம் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. ஓவர்லாக்குக்கு (துணி ஓரம் பின்னும் மிஷினுக்கு) வந்த கோன்களில் இரண்டு வகை இருக்கும். டிக்கெட் 120 ஸ்பன் பாலியெஸ்டர் என்றால் குயில்ட்டுக்குப் போடலாம். முறுக்கே இல்லாமல் கம்பளி மாதிரி புசுபுசுவென்று, இழுத்தால் ரப்பர் போல் நீள்கிற வகை பின்னல் துணிக்கானது. அது துண்டு இணைக்க ஆகாது. மலிவு ஸ்பன் நூல் தூசியும் அதிகம் உதிர்க்கும். மூன்று நான்கு பாபினுக்கு ஒருமுறை ஊசித்தட்டைக் கழற்றி, பாபின் கேஸைச் சின்னத் தூரிகையால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூசி இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரம் துருப்பிடிக்க வைக்கும்.

கேள்வி: காசு கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே நூலின் தரத்தைப் பார்க்க வழி உண்டா?
— வாசகி, லெனேசியா

பதில்: ஒரு முழம் இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தடித்த இடமும் மெலிந்த இடமும் மாறி மாறி வந்தால் வேண்டாம். இரண்டு நகத்துக்கு நடுவே இழுத்துப் பாருங்கள், பஞ்சு திரண்டு வந்தால் அது நாளை உங்கள் பாபின் கேஸில் இருக்கும். இரு கையிலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். நல்ல நூல் கையை அறுக்கிற மாதிரி எதிர்க்கும். சிவப்பு, கறுப்பு, கருநீலம் வாங்கினால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு பெட்டியில் இருபது முப்பது நிறம் என்று வருகிற குட்டிக் கண்டுகள் பெரும்பாலும் இந்தச் சோதனைகளில் தோற்கும். மீட்டர் கணக்குப் போட்டால் அவை மலிவும் அல்ல.

கேள்வி: ஷ்வெஷ்வே துணியில் குயில்ட் தைக்க ஆசை. விறைப்பாக இருக்கிறது, துவைத்தால் நீலம் போகிறது. இதற்கென்று தனி நூல் உண்டா?
— வாசகி, டோங்காட்

பதில்: தனி நூல் தேவையில்லை, தனிக் கவனம் தேவை. நீலத்தில் வெள்ளைக் கோலம் போட்ட தென்னாப்பிரிக்கக் காட்டன் துணி இது. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் ஸ்வெலிட்ஷாவிலுள்ள டா காமா ஆலையில் 1982இல் இதை அச்சிடத் தொடங்கினார்கள். மூன்று பூனை முத்திரையும் அதன் செப்பு உருளைகளும் 1992இல் இங்கிலாந்திலிருந்து அங்கே வந்து சேர்ந்தன. பழைய முறையில் நீலத் துணியின் மேல் வெள்ளை அச்சடிப்பதில்லை. சாயமேற்றிய துணியில் கோலம் விழ வேண்டிய இடத்து நீலத்தை வெளுத்தெடுக்கிறார்கள். கஞ்சி விறைப்பு முதல் துவைப்பிலேயே போய்விடும், துணியும் அப்போது சுருங்கும்.

தொல்லை வருவது துவைக்காத ஷ்வெஷ்வேயையும் துவைத்த சாதாரணக் காட்டனையும் ஒன்றாகத் தைக்கும்போது. முடிந்த போர்வையை முதன்முதல் துவைத்ததும் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. நடுவில் மாட்டிய தையல் நெளியும். நூல் சரியில்லை என்று பலர் நூலை மாற்றுவது இங்கேதான். கலந்து தைப்பதானால் எல்லாத் துணியையும் முதலில் துவைத்துவிடுங்கள். முழுக்க ஷ்வெஷ்வேயிலேயே தைப்பதானால் துவைக்காமலும் தைக்கலாம். விறைப்பு இருப்பதால் வெட்டுவதும் இணைப்பதும் சுகம், பிறகு எல்லாம் சேர்ந்தே சுருங்கும். அதற்காகப் போர்வையைக் கொஞ்சம் பெரிதாகக் கணக்குப் போடுங்கள்.

துவைக்க: கருநீலத்தைத் தனியாக, குளிர்ந்த நீரில், நீர் தெளிவாகும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். உப்போ வினிகரோ சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. மிஞ்சிய சாயம் அலசித்தான் போக வேண்டும். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை, வீட்டில் தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். உப்பு மிச்சம்.

நூலில் டெக்ஸ் 24 முதல் 27 வரை ஸ்பன் பாலியெஸ்டர். வெளிர்நிறக் காட்டன் நூல் கசியும் நீலத்தைக் குடித்து அழுக்குப் போலாகும், பாலியெஸ்டர் அவ்வளவாகப் பிடிக்காது. துவைக்காத துணிக்குப் புதிய கூர்முனை 80/12 ஊசி போடுங்கள். விறைப்பு ஊசியைச் சீக்கிரம் மழுக்கும். டொக் டொக் என்று துளைக்கிற சத்தம் கேட்டால் ஊசியை மாற்றுங்கள்.

இந்தத் துணியின் அகலம் 90 சென்டிமீட்டர்தான் என்பதை மறந்து வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்களும் உண்டு. நாலரை இஞ்ச் துண்டு அகலத்துக்கு ஏழுதான் விழும். 110 சென்டிமீட்டர் துணியில் ஒன்பது விழும். 300 துண்டுக்கு அங்கே 4 மீட்டர் போதும், இங்கே 5 மீட்டர். நூலில் மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய காசு இதில் இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு துணிக்கும் ஒத்த நிறத்தில் நூல் வாங்கவேண்டுமா?
— வாசகி, வெருலம்

பதில்: வேண்டாம். நடுத்தரச் சாம்பல் ஒன்று, கிரீம் ஒன்று, இரண்டே போதும். இணைப்புத் தையல் உள்ளேதான் இருக்கிறது. வெள்ளையும் கறுப்பும் சேருமிடத்தில் வெளிர்சாம்பல் போட்டு, மடிப்பைக் கறுப்புப் பக்கம் திருப்பி இஸ்திரி போடுங்கள். கறுப்பு நூல் போட்டால் வெட்டிய முனைகள் வெள்ளைத் துணிக்கு அடியில் நிழலாகத் தெரியும். நிறம் பார்க்கும்போது கண்டை அப்படியே துணிமேல் வைக்காதீர்கள், கண்டில் நிறம் ஆழமாகத் தோன்றும். ஒற்றை இழையை உருவித் துணியின் மேல் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி: சதுரங்களைச் சரியாகத்தான் வெட்டுகிறேன். கால் இஞ்ச் ஃபூட் (துணியை அழுத்தும் பாதம்) வைத்துத்தான் தைக்கிறேன். ஆனாலும் வரிசை அரை இஞ்ச் குறைகிறது, மூலைகள் சேர்வதில்லை. நூலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகி, ஷால்க்ராஸ்

பதில்: உண்டு. தைத்து மடித்தால், அந்த மடிப்புக்குள் நூலும் துணியின் வளைவும் கொஞ்சம் இடத்தைத் தின்னும். ஒரு இணைப்பில் அது 1/32 இஞ்ச் என்றாலே 14 இணைப்பில் 14/32, கிட்டத்தட்ட அரை இஞ்ச். நீங்கள் இழந்தது அதுதான். டெக்ஸ் 35 நூலைவிட டெக்ஸ் 24 குறைவாகத் தின்னும்.

சோதனை எளிது. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டி, போர்வைக்குப் போடப் போகும் நூலாலேயே பக்கம் பக்கமாகத் தையுங்கள். மடிப்பை ஒரு பக்கம் தள்ளி, இஸ்திரியை இழுக்காமல் அழுத்தி எடுங்கள். மொத்தம் மூன்றரை இஞ்ச், நடுப்பட்டி சரியாக ஒரு இஞ்ச் வர வேண்டும். நடுப்பட்டி குறைந்தால் தையலை விளிம்புக்கு ஒரு நூலிழை நெருக்குங்கள். ஊசியை வலப்பக்கம் நகர்த்தும் வசதி மிஷினில் இருந்தால் ஒரு படி நகர்த்தினால் போதும். இல்லையென்றால் ஊசித்தட்டின் மேல் ஒரு டேப் ஒட்டி, அதை இடம் மாற்றிச் சரிசெய்யலாம். சரியாக வரும்வரை பட்டி வெட்டுங்கள். பட்டிக்குப் பழைய துணி போதும், ஆனால் குயில்ட் துணியின் தடிமனிலேயே இருக்கட்டும்.

சில மிஷின்களோடு வரும் ஃபூட் கால் இஞ்ச் அல்ல, 6 மில்லிமீட்டர். கால் இஞ்ச் என்பது 6.35. தடித்த நூல் போடுகிறவர்களுக்கு அந்தக் குறைச்சலே மடிப்புக்கு இடம் கொடுத்து அளவு சரியாக வந்துவிடும். மெல்லிய நூலில் வரிசை நீண்டுவிடும். ஃபூட்டின் பெயரை நம்பாதீர்கள், பட்டிச் சோதனையை நம்புங்கள்.

பாதிப் போர்வையில் நூல் தீர்ந்து வேறு நூலுக்கு மாறினால், அங்கிருந்து வரிசை அளவு மாறுவதும் இதனால்தான். ஆரம்பிக்கும்போதே முழுவதற்கும் ஒரே நூல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், மூன்று பட்டிச் சோதனையை மறுபடி செய்துவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: ஆயாவின் தையல் பெட்டியில் மரக்கட்டையில் சுற்றிய காட்டன் நூல் நிறைய இருக்கிறது. வீணாக்க மனமில்லை. குயில்ட்டுக்குப் போடலாமா?
— வாசகர், கெபெர்கா

பதில்: வெளிச் சுற்று வெயிலும் தூசியும் பட்டது, முதல் சில மீட்டரை உருவிவிட்டு உள்ளிருந்து சோதியுங்கள். இழுத்தால் கொஞ்சம் நீண்டு எதிர்த்துப் பிறகு அறுந்தால் நல்லது. காய்ந்த புல் மாதிரி சட்டென்று ஒடிந்தால் இணைப்புத் தையலுக்கு வேண்டாம், ஐந்து வருஷத்தில் மூலைகள் திறந்துகொள்ளும். அதைத் தற்காலிகத் தையலுக்குப் போடுங்கள். எளிதில் அறுவது அங்கே வசதிதான். நல்ல நிலையில் இருப்பவற்றை ஜன்னலோரம் வைக்காமல் மூடிய டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: மின்சாரம் போகிற நேரத்தில் கையால் அறுகோணத் துண்டுகளை இணைத்து வருகிறேன். மிஷின் நூலே போதுமா? அடிக்கடி சிக்கு விழுகிறது.
— வாசகி, ஐசிபிங்கோ

பதில்: போதும், டெக்ஸ் 27 ஸ்பன் பாலியெஸ்டரே தாங்கும். விளிம்புத் தையல் வெளியே தெரியாமல் இருக்க வேண்டுமானால் டெக்ஸ் 16 முதல் 18, டிக்கெட் 180, வாங்குங்கள். சிக்குக்கு முதல் காரணம் நீளம். 45 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து, விரலுக்கிடையே உருவி மெழுகைப் படியவிடுங்கள். பத்துப் பதினைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியை விட்டுத் தொங்கவிட்டால் ஏறிய முறுக்கு தானே பிரியும். 10ஆம் நம்பர் கை ஊசி போதும். துண்டுக்குள் வைத்த அறுகோணக் காகித அச்சைச் சேர்த்துத் தைத்துவிடாமல், மடித்த துணியின் விளிம்பில் இரண்டு மூன்று இழை மட்டும் பிடியுங்கள். மூலையில் இரண்டு தையல் கூடுதலாகப் போட்டுத் திரும்புங்கள், பிரிவது முதலில் அங்கேதான்.